வீட்டில் ஒரு தையல் மெஷின்: வாங்குவது பெரிதல்ல, பேணுவதே வியாபாரம்

எமது வியாபாரிகளிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. கடையில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் கணக்கு வைத்திருப்போம். எத்தனை துணிக்கட்டு வந்தது, எத்தனை மீட்டர் வெட்டினோம், எவ்வளவு கடன் நிற்கிறது என்பதெல்லாம் கொப்பியில் இருக்கும். ஆனால் வீட்டுக்குள் இருந்து உழைத்துத் தரும் பொருளுக்கு மட்டும் ஒரு வரிக் கணக்கும் இருக்காது. அது வீட்டுச் சாமான்தானே என்று விட்டுவிடுவோம். நானும் அப்படித்தான் விட்டேன். அதனால் ஒரு பெருநாள் வியாபாரத்தை இழந்தேன். அதைவிடப் பெரிதாக, ஒரு புடவைக்கடை முதலாளியின் நம்பிக்கையையும் இழந்தேன்.

தையல் வேலை வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில் என்பதால், கடை வைத்திருக்கும் பலர் இன்று வீட்டில் ஒரு தொழிற்சாலை மெஷினை வாங்கிப் போடுகிறார்கள். நல்ல விடயம். வாங்குவது எப்படி என்று கேட்டு அடிக்கடி என்னிடம் வருகிறார்கள். வாங்கிய பின் எப்படி வைத்திருப்பது என்று எவரும் கேட்பதில்லை. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வாப்பாவின் வியாழக்கிழமை

மர்ஹூம் வாப்பா யாழ்ப்பாணத்தில் தையல்காரராக இருந்தவர். பெரியகடைப் பக்கம் சிறியதொரு கடை. அதில் ஒரு சிங்கர் கால் மெஷின். வெள்ளிக்கிழமை கடை பூட்டு என்பதால் வியாழக்கிழமை அஸருக்குப் பின்னர் வாப்பா புதிய துணி எதையும் கையில் எடுக்க மாட்டார். மெஷினைத் திறந்து, பஞ்சைத் துடைத்து, ஒவ்வொரு துவாரத்திலும் ஒவ்வொரு துளி எண்ணெய் விடுவார். பின்னர் பழைய துணியொன்றில் சும்மா தைத்து, மேலதிக எண்ணெயை வெளியே எடுப்பார். ஓடர் எவ்வளவு குவிந்திருந்தாலும் அந்த அரை மணித்தியாலம் மாறாது. வாடிக்கையாளர் எவராவது அவசரப்படுத்தினால், "மெஷினுக்கும் கூலி குடுக்கணும்" என்பார். சிறுவனான எனக்கு அது வெறும் பகிடியாகத்தான் பட்டது.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் அனைவரையும் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் பணித்தபோது, அந்த மெஷினும் கடையிலேயே நின்றது. எங்களைப் போலவே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் புத்தளத்துக்கு வந்து சேர்ந்தன. முகாமில் இருந்த நாட்களில் வாப்பா வீட்டைப் பற்றிக் கதைத்ததைவிட அந்த மெஷினைப் பற்றிக் கதைத்ததுதான் அதிகம். "எண்ணெய் விட ஆளில்லாம இறுகிப் போயிருக்கும்" என்பார். அதன் பின்னர் அவர் சொந்தமாக இன்னொரு மெஷின் வாங்கவில்லை. அவர் மௌத்தாகிய பின்னர்தான் எங்கள் வீட்டுக்கு மீண்டும் ஒரு மெஷின் வந்தது.

இரண்டு காப்பும் ஒரு மெஷினும்

புத்தளத்தில் நான் முதலில் நடைபாதையில் உடுப்பு விற்றேன். பின்னர் சிறியதொரு கடை எடுத்தேன். என் மனைவி வீட்டில் சாதாரண மெஷினில் பிள்ளைகளுக்கான சட்டை தைத்துக் கொடுப்பார். கடையில் அவை நன்றாகப் போயின. ஆனால் வீட்டு மெஷினால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அது ஓய்ந்து ஓய்ந்து தைப்பதற்காகச் செய்யப்பட்டது. நாள் முழுவதும் ஓடுவதற்கல்ல.

2006இல் தொழிற்சாலை மெஷின் ஒன்று வாங்கத் தீர்மானித்தோம். ஆடைக் கைத்தொழிலில் கோட்டா முறை 2005 ஜனவரி 1ஆம் திகதியுடன் முடிவடைந்திருந்தது. சிறிய தொழிற்சாலைகள் சில மூடப்பட, அவற்றின் மெஷின்கள் பழைய சாமான் சந்தைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. தவணை முறையிலும் வாங்கியிருக்கலாம். தையல் மெஷினும் தவணை வியாபாரமும் பழைய கூட்டாளிகள். சிங்கர் கொம்பனி 1850களிலேயே அமெரிக்காவில் மெஷினைத் தவணைக்குக் கொடுத்தது. 1877இல் புறக்கோட்டையில் கிளை திறந்து இலங்கைக்கும் வந்தது. ஆனால் நாங்கள் வட்டியோடு சேர்ந்த தவணையை விரும்பவில்லை. என் மனைவி தனது இரண்டு காப்புகளைக் கழற்றித் தந்தார். அதை விற்று, பாவித்த ஜூக்கி மெஷின் ஒன்றை வாங்கினேன். ஆகவே அந்த மெஷின் யாருடையது என்று கேட்டால், அது அவருடையதுதான். இதை நான் உணரச் சற்றுக் காலம் எடுத்தது.

வாங்கிய அன்றே முதல் பாடம் கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பிளக்கைப் பார்த்தால், அதில் இருந்தது மூன்று பேஸ் மோட்டார். தொழிற்சாலைகளில் மூன்று பேஸ் மின்சாரம் இருக்கும். எமது வீடுகளில் பெரும்பாலும் 230 வோல்ட் ஒற்றைப் பேஸ்தான். வேறு மோட்டார் வாங்கிப் பூட்டியதில் நான் பேரம் பேசிக் குறைத்த பணம் அப்படியே போனது. விற்றவர் பொய் சொல்லவில்லை, நான்தான் கேட்கவில்லை.

பாவித்த மெஷின் வாங்கப் போகிறவர்கள் மோட்டார் எந்த வகை என்பதை முதலில் பாருங்கள். அடுத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கைச்சில்லைக் கையால் சுற்றுங்கள். ஒரு முழுச் சுற்றும் ஒரே சீராக வர வேண்டும். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் இலகுவாக வந்தால் உள்ளே தேய்மானம் இருக்கிறது. ஊசி பூட்டும் தண்டைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. மெஷின் தலையைப் பின்னால் சாய்த்து எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். கறுத்த எண்ணெய் அந்த மெஷினின் முழுச் சரித்திரத்தையும் சொல்லிவிடும். கடைசியாக, நீங்கள் எந்தத் துணியைத் தைக்கப் போகிறீர்களோ அதே துணியைக் கொண்டுபோய்த் தைத்துப் பாருங்கள். ஒற்றையாகவும் தையுங்கள், நான்காக மடித்தும் தையுங்கள்.

"அது தானாகவே எண்ணெய் எடுத்துக்கொள்ளும்"

வாப்பாவின் கால் மெஷினுக்கும் இந்த மெஷினுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. கால் மெஷினுக்கு நாம் துளித்துளியாக எண்ணெய் விட வேண்டும். ஜூக்கியின் டீ.டீ.எல். வரிசை போன்ற தொழிற்சாலை மெஷின்களில் தலைக்குக் கீழே எண்ணெய்த் தட்டு ஒன்று இருக்கிறது. மெஷின் ஓடும்போது ஒரு சிறிய பம்ப் அந்த எண்ணெயை மேலே அனுப்பி உள்ளே உள்ள பாகங்களை நனைக்கும். மேற்பக்கத்தில் ஒரு சிறிய கண்ணாடி இருக்கும். ஓடும்போது அதில் எண்ணெய் தெறிப்பது தெரிய வேண்டும். இவ்வளவு ஏற்பாடு ஏனென்றால், அவற்றில் சில நிமிடத்துக்கு 5,000 தையலுக்கு மேலும் ஓடக்கூடியவை. அந்த வேகத்தில் இரும்பு இரும்போடு உரசினால் எண்ணெய் இல்லாமல் தாங்காது.

மெஷினை விற்றவர், "இது தானாகவே எண்ணெய் எடுத்துக்கொள்ளும், உங்களுக்குக் கரைச்சல் இல்லை" என்றார். நான் அதில் பாதியை மட்டும் விளங்கிக்கொண்டேன். தானாக எடுக்கும் என்றால், தட்டில் எண்ணெய் இருந்தால் எடுக்கும். அந்த எண்ணெய் சுத்தமாக இருந்தால்தான் எடுக்கும். இல்லாத எண்ணெயை எந்தப் பம்பும் எடுக்காது.

ஒரு வருடத்துக்கு மேல் நான் அந்தத் தலையைச் சாய்த்துப் பார்க்கவேயில்லை. ஒருமுறை மட்டும் எண்ணெய் குறைந்துவிட்டது என்று மனைவி சொல்ல, இரும்புக்கடையில் மலிவாகக் கிடைத்த தடித்த எண்ணெயை வாங்கி ஊற்றினேன். இந்த மெஷின்களுக்குத் தேவை தண்ணீர் போல மெல்லிய வெள்ளை எண்ணெய். தடித்த எண்ணெய் பம்பில் சரியாக ஏறாது. துணிப் பஞ்சோடு சேர்ந்து களியாகிவிடும். சரியான எண்ணெய் ஒரு போத்தல் அன்று 300 ரூபாய் அளவில்தான் இருந்தது. அதை மிச்சம் பிடித்தேன்.

பெருநாளுக்குப் பத்து நாட்கள்

2007ஆம் ஆண்டு நோன்பு மாதம். நகரில் ஒரு புடவைக்கடை முதலாளி, பெண் பிள்ளைகளுக்கான 150 சட்டைகளைத் தைத்துத் தருமாறு வெட்டிய துணியாகவே தந்தார். ஒன்றுக்கு 90 ரூபாய் கூலி. எங்களுக்குக் கிடைத்த முதலாவது பெரிய ஓடர் அது. நன்றாகச் செய்தால் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் தருவதாகச் சொல்லியிருந்தார்.

நோன்பின் நடுப்பகுதியில் ஒருநாள் தராவீஹ் முடிந்து வந்தேன். மனைவி மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"மெஷின்ட சத்தம் மாறிப் போச்சு. ஒருக்கா ஆளைக் கூட்டி வந்து காட்டுங்க."

"ஓடுதுதானே?"

"ஓடுது. ஆனா பழைய சத்தம் இல்ல."

"பெருநாள் முடியட்டும், பார்ப்பம்" என்றேன். வியாபாரத்தில் எனக்கு இருபது வருட அனுபவம் இருந்தது. ஆனால் அந்த மெஷினின் முன்னால் நாளுக்கு எட்டு மணித்தியாலம் உட்காருபவர் நானல்ல. அவருடைய காது சொன்னதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

மூன்றாவது நாள் நூல் அறுந்து அறுந்து போனது. சூடான இரும்பு வாடை வந்தது. பின்னர் தைத்துக்கொண்டிருந்தபடியே மெஷின் நின்றது. மோட்டார் சுழல்கிறது, பெல்ட் கருகி மணக்கிறது, கைச்சில்லை நான் இரண்டு கையாலும் பிடித்தும் அசையவில்லை. பெருநாளுக்குப் பத்து நாட்கள் இருந்தன. 62 சட்டைகள் முடிந்திருந்தன. 88 மீதி.

கட்டுநாயக்கவில் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்த எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் விடுமுறையில் வரும்வரை இரண்டு நாட்கள் போயின. அவர் வந்து தலையைச் சாய்த்தார். எண்ணெய் கீழ்க் கோட்டுக்கும் கீழே நின்றது. பம்பின் வாயில் பஞ்சு படிந்து ஒரு கம்பளித் துண்டு போல மூடியிருந்தது. அவர் விரலால் அந்தக் கறுத்த களியை வழித்து எனக்குக் காட்டினார். "நாநா, இது எண்ணெய் இல்ல" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

ஹூக் கீறுப்பட்டிருந்தது, மாற்ற வேண்டியிருந்தது. ஊசித் தண்டின் புஷ் போய்விட்டது. பெல்ட்டும் போய்விட்டது. எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டி முடிக்கப் பெருநாளே வந்துவிட்டது. செலவு 8,750 ரூபாய்.

இதற்கிடையே அயலில் வீட்டு மெஷின் வைத்திருந்த சகோதரிகளிடம் 50 சட்டைகளை, அவசரம் என்பதால் ஒன்றுக்கு 110 ரூபாய் கொடுத்துத் தைப்பித்தேன். மீதி 38ஐயும் வெட்டிய துணியாகவே கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்தேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை மனதில் இருக்கிறது. துணியை எண்ணிப் பார்த்துவிட்டு, "சரி ஹாஜியார்" என்று மட்டும் சொன்னார். நான் அப்போது ஹஜ் செய்திருக்கவில்லை. மரியாதையாக என்னை அனுப்பிவைத்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஓடர் வரவில்லை.

கணக்கைப் பாருங்கள். 112 சட்டைகளுக்கு எனக்குக் கிடைத்தது 10,080 ரூபாய். அயலவர்களுக்குக் கொடுத்தது 5,500. மெஷினுக்குச் செலவு 8,750. நட்டம் 4,170 ரூபாய். என் மனைவி நோன்போடு இருந்து தைத்த 62 சட்டைகளின் உழைப்புக்கு ஒரு சதமும் இல்லை. இவையெல்லாம் 300 ரூபாய் எண்ணெயில் வந்தவை.

அன்றிரவு மனைவி சொன்னார்: "காப்பா இருந்தா அலுமாரியில வச்சுப் பூட்டியிருப்பீங்க. மெஷினா மாறினதும் பார்க்காம விட்டுட்டீங்க." என்னிடம் பதில் இருக்கவில்லை.

மெக்கானிக் தம்பி சொல்லித் தந்தவை

அந்தத் தம்பி போகும்போது ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்ததை இன்றும் மெஷின் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறோம். அதன் சுருக்கம் இது.

நாளாந்தம்: வேலை முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஊசித் தகட்டின் கீழும் ஹூக்கைச் சுற்றியும் உள்ள பஞ்சைப் பிரஷால் எடுக்க வேண்டும். வாயால் ஊதக் கூடாது. பஞ்சு இன்னும் உள்ளே போகும். பொபின் கேஸைக் கழற்றித் துடைக்க வேண்டும். இரவில் மெஷினின் பாதத்தின் கீழ் ஒரு துண்டுத் துணியை வைத்துப் பாதத்தை இறக்கிவிட்டால், வடியும் எண்ணெயை அது உறிஞ்சும். காலையில் முதலில் ஒரு பழைய துணியில் தைத்துப் பார்த்துவிட்டே ஓடர் துணியைத் தொட வேண்டும். வெள்ளை ஜுப்பாவோ மத்ரஸாப் பிள்ளைகளின் உடுப்போ தைப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. ஒரு துளி எண்ணெய் பட்டால் அந்தத் துணியின் விலை உங்கள் தலையில்.

கிழமைக்கொரு தடவை: எண்ணெய் மட்டம் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டவும் கூடாது. ஓடும்போது கண்ணாடியில் எண்ணெய் தெறிக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெறிக்கவில்லையானால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். ஹூக்குக்கு எண்ணெய் போகிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. மெஷினை நூலில்லாமல் ஓடவிட்டு, ஒரு கடதாசித் துண்டை ஹூக்கில் முட்டாமல் பக்கத்தில் ஐந்து விநாடி பிடித்தால், அதில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழும். கோடு விழாவிட்டால் எண்ணெய் போதாது. தடித்துப் பரவினால் அதிகம். இரண்டையும் ஓர் ஆணியைத் திருப்பிச் சரிசெய்யலாம். ஆனால் விரல் ஜாக்கிரதை. பழகியவர் மட்டும் செய்ய வேண்டும்.

மாதத்துக்கொரு தடவை: பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்றிமீட்டருக்குச் சற்று மேல் அமிழ வேண்டும். அதிகம் இறுகினால் மோட்டாருக்குக் கேடு, தளர்ந்தால் வழுக்கும். ஆணிகள், வயர், பிளக் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

வருடத்துக்கு இருமுறை: எண்ணெய் முழுவதையும் இறக்கி, தட்டையும் பம்பின் வலையையும் கழுவிப் புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும். நாங்கள் ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரு மாதத்துக்கு முன்னர் இதைச் செய்கிறோம். அதனால் மறப்பதற்கு இடமில்லை.

ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெல்லிய துணிக்கு 9, 11; சாதாரண துணிக்கு 14; தடித்ததற்கு 16, 18 என்று இலக்கம் ஏறிக்கொண்டே போகும். முனை மழுங்கிய ஊசி துணியில் நுழையும்போது 'டொக் டொக்' என்று சத்தம் வரும். ஊசியின் விலையைப் பார்த்து அதையே வைத்துத் தைத்தால், துணியில் நூல் இழுபடும், தையல் தவறும், ஊசி வளைந்து ஹூக்கில் பட்டால் செலவு பன்மடங்காகும். தையல் சரியில்லை என்றவுடன் நூல் இறுக்கும் ஆணியைத் திருகுவது எம்மவர் வழக்கம். முதலில் ஊசியை மாற்றுங்கள். பின்னர் நூல் கோத்த வழியைப் பாருங்கள். அதன் பின்னரே ஆணியைத் தொடுங்கள்.

வீட்டில் வைக்கும் இடமும் முக்கியம். சீமெந்துத் தரையில், மேசை ஆடாமல், நல்ல வெளிச்சத்தில் இருக்க வேண்டும். குசினிக்குப் பக்கத்தில் வேண்டாம். புகையும் நீராவியும் கூடாது. புத்தளம், காத்தான்குடி, பேருவளை போன்று உப்புக்காற்று வீசும் ஊர்களில் இரவில் மூடி வைக்காத மெஷின் துரு ஏறும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் பெல்ட் மறைப்பைக் கழற்றிவிட்டு ஓட்ட வேண்டாம். கிளட்ச் மோட்டார் சுவிட்சை நிறுத்திய பின்னரும் சற்று நேரம் சுழலும். அந்த நேரத்தில் பெடலில் கால் பட்டால் ஊசி இறங்கும்.

ஓர் உடுப்புக்கு மெஷினின் கூலி எவ்வளவு?

இனிச் சொல்வதுதான் வியாபாரிகள் கவனிக்க வேண்டியது. நான் 2007இல் ஒரு சட்டைக்கு 90 ரூபாய் கேட்டேனே, அது எப்படி வந்தது? பக்கத்து ஊரில் 95 கேட்டார்கள். நான் 90 என்றேன். அவ்வளவுதான். அதில் நூல் இருந்தது, மின்சாரம் ஓரளவு இருந்தது. மெஷின் இருக்கவில்லை. என் மனைவியும் இருக்கவில்லை.

உதாரணத்துக்கு ஒரு கணக்கைப் போடுவோம். மெஷின் 150,000 ரூபாய் என்று வையுங்கள். ஐந்து வருடத்தில் அந்தப் பணம் திரும்பி வர வேண்டும். வருடத்தில் 250 நாட்கள், நாளுக்கு 20 உடுப்பு என்றால் ஐந்து வருடத்தில் 25,000 உடுப்புகள். ஓர் உடுப்புக்கு 6 ரூபாய். எண்ணெய், ஊசி, பெல்ட், மெக்கானிக் என்று வருடத்துக்கு 20,000 ரூபாய் போனால், அந்த வருடத்தின் 5,000 உடுப்புகளில் ஒன்றுக்கு 4 ரூபாய். ஆக ஒவ்வோர் உடுப்பிலும் 10 ரூபாய் மெஷினுக்குரியது. அதை எடுத்து வேறாக வைக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாயை லாபம் என்று நினைத்துச் செலவழிப்பவர் உண்மையில் தன் முதலைச் சாப்பிடுகிறார். மெஷின் நிற்கும் நாளில்தான் அது அவருக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் மெஷின் மேசையின் லாச்சிக்குள் ஒரு டின் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் தைத்த உடுப்பை எண்ணி, மெஷினின் பங்கை அதில் போடுகிறோம். கூடவே ஒரு கொப்பி. எண்ணெய் மாற்றிய திகதி, மாற்றிய பாகம், செலவு எல்லாம் அதில் உண்டு. வாப்பா சொன்ன 'மெஷினுக்கும் கூலி' இதுதான் என்பது எனக்கு விளங்க நாற்பது வயதாகிவிட்டது.

அடுத்தது, தைப்பவரின் கூலி. வீட்டுப் பெண்கள்தானே தைக்கிறார்கள், கூலி எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். அன்று பொழுது அயலவர்களுக்குச் சட்டையொன்றுக்கு 110 ரூபாய் கொடுத்த நான், அதே வேலைக்கு என் மனைவிக்கு ஒன்றும் எழுதவில்லை. அவருக்கு ஒரு கூலியை எழுதிப் பார்த்தபோதுதான் நான் கேட்ட 90 ரூபாய் போதாது என்பது தெரிந்தது. அதாவது நான் மலிவாகக் கொடுத்த விலையின் வித்தியாசத்தை முதலாளி எனக்குத் தரவில்லை. என் வீட்டிலிருந்து நான்தான் அவருக்குக் கொடுத்திருக்கிறேன். 2008 முதல் அவரது கூலி வேறாக எழுதப்பட்டு அவரிடமே கொடுக்கப்படுகிறது. அந்தப் பணத்தில் அவர் மீண்டும் இரண்டு காப்பு வாங்கினார்.

இப்படி எழுதுவதில் இன்னுமொரு நன்மை உண்டு. ஸகாத் கணக்குப் பார்க்கும்போது, உழைப்பதற்காக வைத்திருக்கும் மெஷினை விற்பனைச் சாமானாகச் சேர்ப்பதில்லை. விற்பதற்கு வைத்திருக்கும் துணியும் உடுப்பும் கையிருப்பும்தான் சேரும் என்பது உலமாக்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம். எது எது என்று வேறுபிரித்து எழுதியிருந்தால் ஆலிம் ஒருவரிடம் கேட்பதும் இலகு.

2022 தந்த பாடம்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் மெஷின் நாட்கணக்கில் நின்றது. ஓடாத மெஷினுக்குச் செலவில்லை என்று நினைக்க வேண்டாம். நிற்கும்போது எண்ணெய் கீழே இறங்கிவிடும், மேற்பாகங்கள் காயும். மனைவி ஒவ்வொரு நாளும் கைச்சில்லைச் சில தடவை கையால் சுற்றி மூடி வைப்பார். நீண்ட நாட்களுக்குப் பின் தொடங்கும்போது எண்ணெயைப் பார்த்து, முதல் பத்து நிமிடம் மெதுவாகவே ஓடவிடுவார். மின்சாரம் போன உடனே சுவிட்சை நிறுத்துவதும் அவரது சட்டம். திரும்பி வரும்போது மின்னழுத்தம் ஏறி இறங்கி மோட்டாரை எரித்த வீடுகள் உண்டு.

அந்த வருடம் ஒரு டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாயைத் தாண்டியது. இறக்குமதியாகும் பாகங்களின் விலையும் அதோடு ஏறியது. டின்னில் சேர்ந்திருந்த பணம் அப்போதுதான் கைகொடுத்தது. மின்கட்டணத்தைக் குறைக்கப் பழைய கிளட்ச் மோட்டாரைக் கழற்றிச் சேர்வோ மோட்டார் பூட்டினோம். கிளட்ச் மோட்டார், நாம் தைத்தாலும் தைக்காவிட்டாலும் சுவிட்ச் போட்டிருக்கும்வரை சுழன்றுகொண்டே இருக்கும். சேர்வோ, பெடலை மிதிக்கும்போது மட்டும் சுழலும். வீட்டில் தைப்பவர் இடைக்கிடை எழும்பிப் போக வேண்டியிருக்கும் என்பதால், தொழிற்சாலையைவிட வீட்டுக்குத்தான் அது பொருந்தும். சத்தமும் குறைவு.

இன்றும் அதே மெஷின்தான் எங்கள் வீட்டில் ஓடுகிறது. இப்போது மருமகளும் அதில் தைக்கிறார். வியாழக்கிழமை அஸருக்குப் பின்னர் அதில் எவரும் புதுத் துணி வைப்பதில்லை. துடைப்பதும் எண்ணெய் பார்ப்பதும் என் பொறுப்பு. தைப்பவர்கள் சத்தத்தில் வித்தியாசம் இருக்கிறது என்று சொன்னால் அந்த நேரமே நிறுத்தி, காரணத்தைத் தேடுவேன்.

அந்தப் புடவைக்கடை முதலாளி நான்கு வருடங்களுக்குப் பின்னர், 2011இல், தன் கடைப் பையன் மூலம் ஒரு சிறிய ஓடரை அனுப்பினார். 40 சட்டைகள். சொன்ன திகதிக்கு இரண்டு நாட்கள் முன்னதாகவே கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "மெஷின் இப்ப எப்படி?" என்று கேட்டார். நான்கு வருடமாக அவர் அதை மறக்கவில்லை.

மெஷின் வாங்க நினைக்கும் சகோதரர்களே, தாராளமாக வாங்குங்கள். ஆனால் மெஷினோடு சேர்த்து ஒரு போத்தல் நல்ல எண்ணெய், ஒரு பிரஷ், ஒரு கொப்பி ஆகியவற்றையும் அன்றே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் மெஷினின் விலையை எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில் அதில் தைக்கப் போகிறவரின் கூலியை எழுதுங்கள். அதன் பின்னரே ஓடர் எடுங்கள்.